ழகரத்துக்கு எத்தனை எழுத்து

லிஃப்ட் தயாரிக்கும் கம்பெனி அது. அங்கே டேப்பக்காவின் வேலை, கம்பெனிக் கம்ப்யூட்டர்களில் இருக்கும் எல்லாவற்றுக்கும் தினமும் ஒரு நகல் எடுத்துப் பத்திரப்படுத்துவது. வரைபடங்கள், கடிதங்கள், லீவு விண்ணப்பங்கள், யாரோ ஒருவர் ரகசியமாகச் சேர்த்துவைத்திருக்கும் நாய்க்குட்டிப் படங்கள் எல்லாம் சேர்ந்து உள்ளங்கை அகலமுள்ள டேப்புகளில் ஏறும். அவள் லேபிள் ஒட்டி, தேதி எழுதி, தீப்பிடிக்காத இரும்பு அலமாரியில் அடுக்குவாள். அவள் பெயர் வருகைப் பதிவேட்டில் மட்டும்தான் இருந்தது. வாசல் காவலாளி முதல் ஜெனரல் மேனேஜர் வரை எல்லோருக்கும் அவள் டேப்பக்காதான்.

செவ்வாய்க்கிழமை காலை, அவள் ஸ்வெட்டரை மாட்டிக்கொண்டு குளிர்ந்த சர்வர் அறைக்குள் நுழையப்போன நேரத்தில், சர்வீஸ் பிரிவு இன்ஜினியர்ப் பெண் நொண்டிக்கொண்டே வந்து சேர்ந்தாள்.

"அக்கா, பதினோரு மாடி. நேத்து மூணு தடவை ஏறினேன், இன்னிக்கு ஒரு தடவை. என் முட்டி ரெண்டும் என்கூடப் பேசறதையே விட்டுடுச்சு."

"லிஃப்ட் இல்லையா அங்கே?"

"லிஃப்ட் ஓடலேன்னுதானேக்கா போனதே!"

விஷயம் இதுதான். ஒரு பழைய அடுக்குமாடிக் குடியிருப்பு. இருப்பது ஒரே லிஃப்ட், அதுவும் இந்தக் கம்பெனி எப்போதோ தயாரிப்பதை நிறுத்திவிட்ட மாடல். உள்ளே ஒரு பற்சக்கரத்தில் நாலு பல் உடைந்துவிட்டது. வரைபடம் கிடைத்தால் பட்டறையில் ஒரே நாளில் புதிதாக வெட்டிக் கொடுத்துவிடுவார்கள். ஆனால் வடிவமைப்புப் பிரிவில், இடம் போதவில்லை என்று பழைய மாடல் வரைபடங்களை எல்லாம் கம்ப்யூட்டரிலிருந்து அழித்துப்போட்டு வருடங்களாகிவிட்டன. காகிதப் பிரதிகளை அதற்கும் முன்னாலேயே பழைய பேப்பருக்குப் போட்டுவிட்டார்கள்.

"பத்தாவது மாடியில ஒரு பியானோ டீச்சர். ஒரு மாணவன்கூட மேல வர்றதில்லையாம். மணிக்கொரு தடவை போன் பண்ணி எனக்கு வாசிச்சுக் காட்டறாங்க" என்றாள் இன்ஜினியர்.

டேப்பக்காவின் முகம் மலர்ந்தது. ஊரெல்லாம் தேடிவிட்டுக் கடைசியில் தன் அலமாரிக்கு வந்து நிற்பவர்களைப் பார்த்தால் அவளுக்கு வரும் சந்தோஷம் கொஞ்சநஞ்சமல்ல. சாவியை எடுத்து அலமாரியைத் திறந்து, அந்த வரைபடங்கள் மிஞ்சியிருக்கும் ஒரே டேப்பான, ஒன்பது வருடத்துக்கு முந்தைய ஆண்டு டேப்பை இரண்டே நிமிடத்தில் உருவினாள். அந்தக் காலத்து டேப்பைப் புதுக் கருவிகள் படிக்காது. அதற்காகவே, தூக்கிப்போடச் சொன்ன பழைய கருவி ஒன்றைத் தன் மேஜைக்கடியில் ஒளித்துவைத்திருந்தாள். அதைத் துடைத்து, இணைத்து, டேப்பைச் செருகினாள். கருவி இரண்டு முறை இருமிவிட்டு ஓட ஆரம்பித்தது.

"முட்டிக்குத் தைலம் தேச்சிக்கோ. சாயங்காலத்துக்குள்ள வரைபடம் உன் கையில" என்றாள் தெம்பாக.

நாலு நிமிடம் கழித்துத் திரையில் ஒரு பெட்டி எழுந்தது. டேப் பூட்டப்பட்டிருக்கிறது, கடவுச்சொல்லைத் தரவும்.

டேப்புகளை வெளியாள் யாரும் படிக்க முடியாதபடி வருடத்துக்கு ஒரு கடவுச்சொல் போட்டுப் பூட்டுவது வழக்கம். அவற்றை நினைவில் வைத்திருந்த பழைய சர்வருக்கு ஓய்வு கொடுத்தபோது மற்ற வருடங்களுடையதெல்லாம் புது சர்வருக்கு மாறிவிட்டன. இந்த ஒரு வருடத்தது மட்டும் எப்படியோ விடுபட்டிருக்கிறது. கடவுச்சொற்களைக் குறித்துவைக்கும் பதிவேட்டை எடுத்துப் பிரித்தாள். அந்த வருடத்துக்கு நேரே, சாய்ந்த கையெழுத்தில் இரண்டே வார்த்தை: 'எனக்குத் தெரியும்.'

அந்தக் கையெழுத்து அவள் கொழுந்தனுடையது.

கணவனின் தம்பி. இந்த வேலையில் அவளுக்கு முன்னால் சேர்ந்தவன் அவன்தான். அவளை இங்கே கொண்டுவந்து சேர்த்ததும் அவன்தான். நாலு வருடம் இருவரும் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து வேலை பார்த்தார்கள். ஒரு நாள், இப்போது ஜெனரல் மேனேஜராக இருப்பவர் அன்று வெறும் மேனேஜராக இருந்தபோது, ஒரு டிஸ்க் பழுதானதற்காக அவனை எல்லோர் முன்னாலும் வாய்க்கு வந்தபடி திட்டிவிட்டார். டிஸ்க் பழுதான அன்று அவன் லீவு. அவன் அடையாள அட்டையைக் கழற்றி மேஜையில் எறிந்துவிட்டு, "அண்ணி, வாங்க போலாம்" என்றான். "இரு தம்பி, இந்த டேப்பை மாத்திட்டு வரேன்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனவள் வெளியே வரவேயில்லை. அதன்பின் குடும்பத்தில் நல்லது கெட்டதுகளில் பார்த்துக்கொண்டால் "சாப்டீங்களா அண்ணி", "ஆச்சு தம்பி" என்ற அளவோடு சரி. ஒன்பது வருடம் இப்படியே ஓடிவிட்டது.

போன் செய்தாள். மறுமுனையில் விசில் சத்தம், தண்ணீர்ச் சத்தம். விஷயத்தைச் சொன்னாள். விசில் சத்தம் நின்றது.

"தம்பி? லைன்ல இருக்கியா?"

"இருக்கேன் அண்ணி. அது போன்ல சொல்ற மாதிரி இல்ல."

"மறந்துட்டியா?"

"மறக்கற மாதிரியும் இல்ல" என்று சொல்லிவிட்டு, வகுப்பு நடப்பதாகக் காரணம் காட்டி வைத்துவிட்டான்.

அவள் பஸ் பிடித்து நேரே நீச்சல் குளத்துக்கே போனாள். வேலையை விட்டபின் அவன் தண்ணீரைக் கண்டு பயப்படும் பெரியவர்களுக்கு நீச்சல் கற்றுக்கொடுக்கிறான். குளத்தின் நடுவே, பருமனான மனிதர் ஒருவரை இரண்டு கையாலும் ஏந்தி மிதக்கவிட்டுக்கொண்டிருந்தான்.

"ஷூவோட ஓரத்துல நிக்காதீங்க அண்ணி, வழுக்கும்!"

"வழுக்கினா வழுக்கட்டும். கடவுச்சொல் என்ன?"

"இவரை விட்டுட்டு வர முடியாது. கையை எடுத்தா முழுகிடுவாரு."

மிதந்துகொண்டிருந்தவர் ஒரு பல் டாக்டர். ஆகாயத்தைப் பார்த்தபடியே, "எடுத்துடாதீங்க" என்றார்.

"தம்பி, பதினோரு மாடி சனம் படியேறிக்கிட்டு இருக்கு. உனக்கு அந்த மேனேஜர் மேல கோபம்னா..."

"கோபமெல்லாம் இல்ல அண்ணி."

"அவரைத் திட்டி ஏதாவது வெச்சிருக்கியா? சும்மா சொல்லு. நான் யார்கிட்டயும் மூச்சு விட மாட்டேன்."

"அவரைத் திட்டி வெச்சிருந்தா இந்நேரம் இங்கேயிருந்தே கத்திச் சொல்லியிருப்பேனே! நானே வந்து அடிச்சுட்டுப் போறேன். யாரும் திரையைப் பார்க்கக்கூடாது."

"வெளியாள் கீபோர்டைத் தொடக்கூடாதுன்னு விதி இருக்கு."

"எவன் எழுதினான் அந்த விதியை?"

"நீதான்."

பல் டாக்டருக்குச் சிரிப்பு வந்து, வாயில் தண்ணீர் புகுந்து, இரண்டு மடக்கு குடித்துவிட்டார். அவரைக் கரைசேர்த்து இருமல் நின்றதும் கொழுந்தன் தலையைத் துவட்டிக்கொண்டு அவளோடு கிளம்பினான். பஸ்ஸில் ஆளுக்கொரு ஜன்னல் வழியாக வெளியே பார்த்துக்கொண்டு வந்தார்கள்.

வெளியாள் சர்வர் அறைக்குள் வர ஜெனரல் மேனேஜரின் கையெழுத்து வேண்டும். ஒரு புயலை எதிர்பார்த்துத்தான் அவள் படிவத்தை நீட்டினாள். அவர் பெயரைப் பார்த்தார், மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், கையெழுத்துப் போட்டார். "நானும் வரேன்" என்று எழுந்தும் விட்டார்.

ஆகக் குளிர்ந்த அந்தச் சின்ன அறையில் நாலு பேர் நின்றார்கள். நாற்காலியில் டேப்பக்கா. அவளுக்குப் பின்னால் ஈரத்தலையோடு கொழுந்தன். ஓரமாக, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு ஜெனரல் மேனேஜர். டேப் அலமாரியில் சாய்ந்தபடி ஒற்றைக் காலில் இன்ஜினியர்.

"சொல்லுப்பா" என்றார் ஜெனரல் மேனேஜர். "என்னைத்தான் திட்டியிருப்பே. பரவாயில்ல. நான் தயாராத்தான் வந்திருக்கேன்."

"உங்களை இல்ல சார்." கொழுந்தன் தரையைப் பார்த்தான், மேற்கூரையைப் பார்த்தான். "அண்ணி, தப்பா எடுத்துக்கக்கூடாது."

"சொல்லித் தொலை தம்பி."

"அண்ணி காப்பி கழனித்தண்ணி."

இன்ஜினியர் சட்டென்று முகத்தை அலமாரிப் பக்கம் திருப்பிக்கொண்டாள். அவள் தோள் குலுங்கியது.

டேப்பக்கா மெல்லத் திரும்பினாள். அந்த நாலு வருடமும் அவள் வீட்டிலிருந்து ஃபிளாஸ்க் நிறையக் காப்பி கொண்டுவருவாள். பாதி அவளுக்கு, பாதி அவனுக்கு.

"தினம் ரெண்டு கப் குடிச்சே. ஒரு நாளைக்கு ரெண்டு கப்! 'இன்னும் கொஞ்சம் இருக்கா அண்ணி'ன்னு கேட்டுக் கேட்டுக் குடிச்சே!"

"குடிக்கலேன்னா வருத்தப்படுவீங்களேன்னுதான்..."

"அதுக்குக் கம்பெனி டேப் பூராவும் எழுதி வெச்சியா?"

"இருபது எழுத்துக்கு மேல இருக்கணும், மறக்கக்கூடாது, யாரும் யூகிக்கக்கூடாதுன்னு விதி அண்ணி. அன்னிக்குக் காலையில வாயில அந்தக் காப்பிதான் இருந்துச்சு."

"நல்ல கடவுச்சொல்தான்" என்றார் ஜெனரல் மேனேஜர் மிகவும் கவனமாக, யாரையும் பார்க்காமல்.

அவள் விரல்களைக் கீபோர்டில் வைத்தாள். கோபத்தில் காது சிவந்திருந்தாலும் வேலை வேலைதான். இரண்டு எழுத்து அடித்துவிட்டு நின்றாள். "ழ-வுக்கு என்ன போட்டே? எல்-ஆ, இசட் எச்-ஆ?"

கொழுந்தன் குனிந்து கீபோர்டைப் பார்த்தான்.

கீபோர்டில் இருந்தது ஆங்கில எழுத்து மட்டும்தான். ஒன்பது வருடம் முன்னால் ஒரு காலையில் அவன் அதில் தமிழை எப்படி எழுதினான் என்று அவனுக்கே தெரியவில்லை. காப்பியில் முதலில் ஒரு ஏ-யா, இரண்டா? பி ஒன்றா, இரண்டா? தண்ணிக்கு வெறும் டி-யா, கூட எச் உண்டா? இன்ஜினியர் ஒரு டேப் உறையின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டாள். "நாலு கேள்வி, ஒவ்வொண்ணுக்கும் ரெண்டு பதில். பதினாறு விதம். ஒரு தடவை தப்பா அடிச்சா டேப் திரும்பச் சுத்தி வர நாலு நிமிஷம். ஒரு மணி நேரத்துக்கு மேல ஆகும்."

"எனக்கு அஞ்சு மணிக்கு அடுத்த வகுப்பு" என்றான் கொழுந்தன்.

"நிக்காம அடிங்கக்கா" என்றாள் இன்ஜினியர்.

எல் போட்டு, எல்லாவற்றையும் ஒற்றையாக வைத்து அடித்தாள். கருவி உறுமி, சுற்றி, நாலு நிமிடம் கழித்து மறுத்துவிட்டது. இரண்டாவது முறை, காப்பிக்கு இரண்டு பி. மறுபடி நாலு நிமிடம்.

காத்திருக்கும் நேரத்தில் அவள் திரையைப் பார்த்தபடியே கேட்டாள். "அன்னிக்கு எவ்ளோ நேரம் வாசல்ல நின்னே?"

"இருபது நிமிஷம்."

"தெரியும். ஜன்னல் வழியாப் பார்த்துக்கிட்டுத்தான் இருந்தேன்."

"டேப் மாத்த ரெண்டு நிமிஷம் போதும் அண்ணி."

"போதும்தான்." அவள் நாற்காலியைத் திருப்பிக்கொண்டாள். "எனக்கு இந்த வேலை ரொம்பப் பிடிச்சுப்போச்சு தம்பி. வீட்டுக்கு வேணும்னு பார்த்த வேலைதான். ஆனா ராத்திரி போட்ட நகலெல்லாம் சரியா ஏறிடுச்சுன்னு, காலையில வந்து பார்க்கறப்ப திரையில பச்சையா நிக்கும் பாரு, அதுல எனக்கு ஒரு இது. உனக்கு அநியாயம் நடந்த அன்னிக்கு, எனக்கு வேலை பிடிச்சிருக்குன்னு எப்படிச் சொல்றது? அதான் உள்ளேயே இருந்துட்டேன்."

"சொல்லியிருந்தா நான் என்ன கடிச்சா தின்னிருப்பேன்?" என்றான் அவன். ஈரத்தலையைக் கோதிக்கொண்டே, "நீங்களும் என்னை மாதிரிக் கோபமாத்தான் இருக்கீங்கன்னு நினைச்சேன். அப்புறம், என் மேலதான் கோபம்னு நினைச்சேன். அதுக்கப்புறம் என்ன நினைச்சேன்னே மறந்துபோச்சு" என்றான்.

திரை மறுபடி மறுத்தது.

ஜெனரல் மேனேஜர் தொண்டையைச் செருமினார். "இரு. நீ எனக்கு ஒரு ராஜினாமா மெயில் அனுப்பினே இல்ல? அதுல தமிழ்ல கொஞ்சம்... பாராட்டியிருந்தே. ஆங்கில எழுத்துல. அந்த வருஷம் நீ எப்படி எழுதுவேன்னு அதைப் பார்த்தாத் தெரிஞ்சுடுமே."

"அது இன்னுமா சார் இருக்கு?"

"அழிக்க மறந்துட்டேன்" என்றார் அவர். ஆனால் போனை எடுத்து இரண்டு தட்டில் அதைத் திறந்துவிட்டார். தேடவேண்டிய அவசியமே இருக்கவில்லை. அதை மூன்று பேரும் கவனித்தார்கள்.

"நீங்க படிக்க வேணாம் சார், நான் பார்க்கறேன்" என்று கொழுந்தன் கையை நீட்டினான்.

"வெளியாள் கம்பெனி மெயிலைப் பார்க்கக்கூடாது" என்று ஜெனரல் மேனேஜர் போனைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு, தந்தி வாசிப்பவர்போல ஒவ்வொரு வார்த்தையாகப் படித்தார். "'இனிமே... உங்க... மூஞ்சியில... முழிக்க மாட்டேன்.' இதோ ழ வந்துடுச்சு. இசட் எச்."

"இசட் எச்" என்று டேப்பக்கா குறித்துக்கொண்டாள்.

"'மனுஷனா நீங்க?' இதுல ஒண்ணும் இல்ல. 'உங்களை... இன்னியோட... தண்ணி தெளிச்சு விட்டுட்டேன்.' தண்ணி! டி எச்."

"டி எச்."

"காப்பி வருதா சார்?" என்று இன்ஜினியர் எட்டிப்பார்த்தாள்.

அவர் மிச்சத்தையும் முணுமுணுத்துப் படித்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். "காப்பி இல்ல. கழுதை ஒரு இடத்துல வருது. அதுக்கும் இசட் எச்தான்."

கொழுந்தனின் ஈரத்தலையிலிருந்து வடிந்தது தண்ணீரா வேர்வையா என்று சொல்ல முடியாத நிலை. "சார், அது அன்னிக்கு..."

"அன்னிக்கு நீ லீவுல இருந்தே" என்றார் ஜெனரல் மேனேஜர். "அது எனக்கு மறுநாளே தெரியும். சொல்லியிருக்கணும். சொல்லல." போனைப் பைக்குள் போட்டுக்கொண்டார். "அடிங்கம்மா, நேரமாகுது."

பதினாறு இப்போது நாலாகச் சுருங்கியிருந்தது. முதலில் ஒற்றை ஏ, ஒற்றை பி. மறுத்தது. அடுத்து இரட்டை ஏ, ஒற்றை பி. அதுவும் மறுத்தது. மூன்றாவது தடவை இரண்டு ஏ, இரண்டு பி போட்டு அடித்துவிட்டுக் கையை மடியில் வைத்துக்கொண்டாள். நாலு நிமிடம் ஆனது. ஐந்தாவது நிமிடமும் ஆனது. மறுக்கும் பெட்டி எழவில்லை. கருவியின் உறுமல் தாழ்ந்து, சீராகி, திரையில் கோப்புகளின் பெயர்கள் ஒன்றன்கீழ் ஒன்றாக இறங்க ஆரம்பித்தன.

இன்ஜினியர் கால் வலியை மறந்து ஒரு குதி குதித்து, உடனே ஐயோ என்று முட்டியைப் பிடித்துக்கொண்டாள். "ரெண்டு ஏ, ரெண்டு பி! காப்பிக்கு இவ்ளோ மரியாதை குடுத்துட்டுத்தான் திட்டியிருக்கீங்க."

பற்சக்கரத்தின் வரைபடம் எழுநூற்றுச் சொச்சம் கோப்புகளுக்கு நடுவே இருந்தது. டேப்பக்கா அதைத் திறந்து, அளவுகள் சரியாகத் தெரிகின்றனவா என்று பெரிதாக்கிப் பார்த்து, பட்டறைக்கு அனுப்பினாள். பல் ஒன்றுகூடக் குறையவில்லை. இன்ஜினியர் அங்கிருந்தே பியானோ டீச்சருக்குப் போன் போட்டாள். வெள்ளிக்கிழமைக்குள் லிஃப்ட் ஓடும் என்று சொன்னதும், மறுமுனையில் ஏதோ சந்தோஷமாக வாசிக்கும் சத்தம் எல்லோர் காதிலும் விழுந்தது. சொன்னதற்கு ஒரு நாள் முன்னதாக, வியாழக்கிழமையே லிஃப்ட் ஓடிவிட்டது.

ஜெனரல் மேனேஜர் வாசல்வரை வந்தார். "திரும்பி வர்றதா இருந்தா..." என்று ஆரம்பித்தார்.

"இல்ல சார். எனக்குத் தண்ணிதான் ஒத்துக்குது" என்றான் கொழுந்தன். "ஆனா நீங்க நீச்சல் கத்துக்கணும்னா வாங்க. முழுக விட மாட்டேன்."

"யோசிக்கிறேன்" என்றார் அவர், உண்மையாகவே யோசிப்பவரைப்போல.

ஐந்து மணி வகுப்புக்கு வேறு ஒருவரைப் போகச்சொல்லிவிட்டு அவன் அண்ணியோடு பஸ் நிறுத்தத்துக்கு நடந்தான். வெயில் தாழ்ந்து, தெரு முழுக்க வேலை விட்டுப் போகிறவர்கள். அவள் நடந்தபடியே கேட்டாள்.

"நிஜமாவே அவ்ளோ மோசமா?"

"அண்ணி, விட்டுடுங்களேன்."

"இல்ல, நான் தெரிஞ்சுக்கணும். உங்க அண்ணன் பத்தொன்பது வருஷமா அந்தக் காப்பியைத்தானே குடிக்கறாரு? ஒரு வார்த்தை சொன்னதில்லையே."

கொழுந்தன் நடையை மெதுவாக்கினான். பஸ் வருகிறதா என்று பார்ப்பதுபோலத் தெருக்கோடியைப் பார்த்தான். அவளுக்குச் சட்டென்று பொறி தட்டியது.

"தம்பி. இது யார் சொன்ன வார்த்தை?"

"எது?"

"கழனித்தண்ணி."

"எனக்கு அவ்ளோ தமிழ் வராது அண்ணி" என்றான் அவன்.

அவள் நடுத்தெருவில் நின்றாள். பின்னால் வந்தவர் இடித்துக்கொண்டு, மன்னிப்புக் கேட்டு விலகிப் போனார். அவளுக்கு முதலில் மூக்கு விடைத்தது, பிறகு உதடு துடித்தது. கடைசியில் அடக்கமாட்டாமல் சிரிப்பு வந்துவிட்டது. கண்ணில் நீர் வரும்வரை அப்படியே நின்று சிரித்தாள். கொழுந்தனுக்கும் தொற்றிக்கொண்டது. இரண்டு பஸ் அவர்களைத் தாண்டிப் போனது.

வீட்டுக் கதவைத் திறந்த கணவர், மனைவியோடு தம்பி நிற்பதைப் பார்த்ததும் சாவியைக் கீழே போட்டுவிட்டார். "வாடா... வா வா..." என்று தோளைப் பிடித்து உள்ளே இழுத்தார். தம்பியை நாற்காலியில் உட்காரவைத்தார். மறுபடி எழுப்பி, வேறு நல்ல நாற்காலியில் உட்காரவைத்தார். "தலையெல்லாம் ஈரமா இருக்கேடா" என்று துண்டு தேடப் போனார். துண்டுக்குப் பதிலாக மேஜை விரிப்போடு திரும்பி வந்தார்.

டேப்பக்கா ஸ்வெட்டரைக் கழற்றி மாட்டினாள்.

"ரெண்டு பேரும் பேசிக்கிட்டு இருங்க" என்றாள். "நான் போய்க் காப்பி போட்டுக் கொண்டுவரேன்."

அண்ணனும் தம்பியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். கணவர் மேஜை விரிப்பை மெல்ல மடித்தார்.

"இன்னிக்கு நான் போடறேனே" என்றார்.

"ஏன்?" என்று கேட்டாள் அவள், இடுப்பில் கை வைத்து.

"நீ... களைச்சிருப்பே."

"அப்படியா?" என்று அவள் கொழுந்தனுக்குப் பக்கத்து நாற்காலியில் சாவகாசமாகச் சாய்ந்து உட்கார்ந்தாள். "சரி, போடுங்க. குடிச்சுப் பார்த்துட்டு ஒரு வார்த்தை சொல்றேன்."